பரம்பிக்குளத்தில் ஒரு பகல்

வரப்புத் தகராற்றைத் தீர்த்துவைப்பதற்காக வயலில் இறங்கி நிற்காத பங்குக் குரு நம் நாட்டுப்புறத்தில் அரியர். ஒரு முழ மண்ணுக்காக உடன்பிறந்தோர் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருப்பதை நாம் அறிவோம். வீட்டுக்குச் சுவர், நிலத்துக்கு வரப்பு, ஊருக்கு எல்லைக்கல், மாநிலத்துக்குச் சோதனைச்சாவடி என்று மனிதன் கோடு கிழித்துக்கொண்டே வாழ்கிறான். கோடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வரப்பில்லாத வயலில் நீர் நிற்காது. ஆனால், நாம் கிழித்த கோட்டைக் காட்டு விலங்கும் மழை மேகமும் ஆற்று நீரும் எவ்வளவு மதிக்கின்றன என்பதை ஒரே பகலில் நேரில் கண்டுவர விரும்புவோர்க்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. அதுதான் பரம்பிக்குளம்.

பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே, ஆனைமலைத் தொடரின் மடியில் இருக்கிறது இக்காடு. அரசுக் கணக்கில் அது கேரள மாநிலம், பாலக்காட்டு மாவட்டம், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் பாலக்காட்டிலிருந்து வண்டியில் வருவோர் முதலில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சியையும் சேத்துமடையையும் தாண்டி, டாப்ஸ்லிப் வரை மலையேறி, அதன்பின் மீண்டும் கேரளத்துக்குள் புகவேண்டும். பரம்பிக்குளத்தில் பணிபுரியும் அரசு ஊழியர் ஒருவர் தம் மாவட்டத் தலைநகருக்குச் சாலை வழியே போய்த் திரும்புவதற்குள் மாநில எல்லையை நான்கு முறை கடந்துவிடுகிறார்! வரைபடம் ஒன்று சொல்ல, மலை வேறொன்று சொல்கிறது.

சென்ற மார்கழியில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஏழு குடும்பங்கள் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு இங்குச் சென்றுவந்தோம். எங்கள் ஊர் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டக் கால்வாயின் கடைமடையில் உள்ளது. ‘பி.ஏ.பி. தண்ணீர்’ என்பது எங்கள் மக்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல். வந்திருந்தவர்களுள் எழுபதை எட்டிய விவசாயி ஒருவரும் இருந்தார். அத்தண்ணீரைக் கொண்டே பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். “வாய்க்கால்ல வர்ற தண்ணியை அம்பது வருசமாப் பாத்தாச்சு. அது பொறப்படுற இடத்தை ஒருக்காப் பாத்திரணும் சாமி” என்று அவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பயணத்துக்கு அவருடைய அந்த ஆசையே காரணம்.

விடியுமுன் புறப்பட்டோம். பொள்ளாச்சியைக் கடந்தபின் தென்னந்தோப்புகள் இருபுறமும் நெடுந்தொலைவு உடன்வந்தன. சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறையின் சோதனைச்சாவடி. அங்கே வண்டியைச் சோதித்து, நெகிழிப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு, நுழைவுக் கட்டணம் பெற்ற பின்னரே விடுகிறார்கள். அதற்கு மேல் கொண்டையூசி வளைவுகள் தொடங்குகின்றன. தென்னையின் இடத்தை மூங்கில் பிடிக்க, மூங்கிலின் இடத்தைத் தேக்கு பிடிக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் டாப்ஸ்லிப் வந்துவிடுகிறது.

இவ்வூர்ப் பெயரின் வரலாறு சுவையானது. கப்பல் கட்டவும், இருப்புப்பாதைக்குச் சிலிப்பர் கட்டை இடவும் ஆங்கிலேயர் ஆனைமலைத் தேக்கைக் கணக்கின்றி வெட்டிய காலத்தில், இம்மலை முகட்டிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டி அடிவாரத்துக்கு அனுப்பினார்கள். மரம் சறுக்கிய உச்சி என்பதே பெயரின் பொருள். அவ்வாறு வெட்டி வெட்டி மொட்டையான மலைக்கு 1915 அளவில் வன அதிகாரியாக வந்தவர் ஹியூகோ வுட் என்னும் ஆங்கிலேயர். மரத்தை வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும் என்பதையும், ஒரு பகுதியில் வெட்டினால் மற்றப் பகுதிகளுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்பதையும் அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சட்டைப் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, குழிக்கொரு விதையாக இட்டுக்கொண்டே நடப்பாராம். இன்றும் அவ்வூரார் இதைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அவர் 1933இல் காலமானார். அவர் விரும்பியவாறே, அவர் வளர்த்த மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இலத்தீன் மொழியில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. குருமடத்தில் கற்ற இலத்தீன் அன்று எனக்குக் கைகொடுத்தது. நினைவுச் சின்னத்தைத் தேடுகின்றவர் தம்மைச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. இலண்டன் மாநகரில் புனித பவுல் ஆலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பாரின் கல்லறைமீதும் இதே வரிதான் உள்ளது. அங்கே சுற்றிப் பார்த்தால் கற்றூண்கள். இங்கே சுற்றிப் பார்த்தால் தேக்கு மரங்கள். பிள்ளைகளுக்குப் பொருளை விளக்கியதும், அவர்கள் தலையை அண்ணாந்து நாற்புறமும் நோக்கினார்கள்.

டாப்ஸ்லிப்பைத் தாண்டிச் சிறிது தொலைவிலேயே மாநில எல்லை. அங்கு ஆறில்லை, மதிலில்லை. காடு வேறாகத் தோன்றவுமில்லை. அறிவிப்புப் பலகையின் எழுத்து மட்டும் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறுகிறது. இந்தக் கோடு இன்று நேற்றுப் போட்டதன்று. முன்னாளில் சென்னை மாகாணத்துக்கும் கொச்சி சமஸ்தானத்துக்கும் இடையே இருந்த எல்லையே 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இரு மாநிலங்களுக்கும் எல்லையாயிற்று. இப்புறம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அப்புறம் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 643 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பெயர் இரண்டு, நிருவாகம் இரண்டு, காடு ஒன்றே.

ஆனப்பாடி என்னும் இடத்தில் கேரள வனத்துறையின் அலுவலகம் இருக்கிறது. அங்கே மீண்டும் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவருடன் வனத்துறை வண்டியில் செல்லவேண்டும். வழிகாட்டிகள் அனைவரும் இக்காட்டின் மக்களே. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்னும் நான்கு பழங்குடியினர் பரம்பிக்குளத்துக்குள் சிற்றூர்களில் வாழ்கின்றனர். எங்களுக்கு வாய்த்தவர் மலசர் இனத்தவர், நாற்பது வயதிருக்கும். அவர் பேசிய மொழி தமிழா மலையாளமா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. பிள்ளைகள் சற்று நேரத்திலேயே அவரை “மாமா, மாமா” என்று சுற்றிக்கொண்டனர். அவர் முதலில் சொன்னது ஒரே விதி: “சத்தம் போடக் கூடாது. நாம அவுங்க வீட்டுக்கு வந்திருக்கோம்.”

வண்டி மெல்ல ஊர்ந்தது. முதல் வளைவிலேயே புள்ளிமான் கூட்டம் ஒன்று தலைதூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது. அடுத்து, மூங்கிற் புதரின் ஓரத்தில் காட்டெருதுகள் ஐந்து. கரிய பேருடலும், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்களும் கண்டு பிள்ளைகள் வாய்மீது கைவைத்தனர். மரக்கிளையில் மலையணில் ஒன்று, செம்பழுப்பு வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பழம் கொறித்திருந்தது. கருமந்திகளின் குரல் கேட்டதேயன்றி உருவம் தெரியவில்லை. புலியைக் காணவில்லை. அதில் எவருக்கும் வருத்தம் வேண்டா. வழியில் ஈர மண்ணில் அதன் அடிச்சுவட்டை வழிகாட்டி காட்டினார். “நம்மளை அது பாத்திருக்கும்” என்று அவர் கூறியதும் தாய்மார் பிள்ளைகளை அருகில் இழுத்துக்கொண்டார்கள்.

இருவாச்சிப் பறவை ஒன்று எங்கள் தலைக்கு மேலே பறந்து சென்றது. அதன் சிறகொலி, தொலைவில் புகைவண்டி வருவது போல் கேட்டது. தை பிறந்தபின் இப்பறவையின் இல்லறத்தைக் காணலாம் என்றார் வழிகாட்டி. பெண்பறவை பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண்பறவை நாள்தோறும் பழங்களைக் கொண்டுவந்து அப்பிளவின் வழியே ஊட்டும். ஆண்பறவைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் குடும்பம் பெருந்துன்பத்துக்கு உள்ளாகும். அது சிதறும் விதைகளிலிருந்தே காட்டின் பெருமரங்கள் பல முளைக்கின்றன. முதிர்ந்த மரம் இல்லையேல் பொந்தில்லை, பொந்தில்லையேல் பறவையில்லை, பறவையில்லையேல் நாளைய மரமில்லை. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் எல்லைக்கோட்டைப் போடுவது?

துணக்கடவுக்கு அருகே ஒரு மரத்தின் முன் வண்டி நின்றது. அதன் பெயர் கன்னிமாரத் தேக்கு. ஏறத்தாழ 450 ஆண்டுகளாக நிற்பதாகக் கணிக்கப்படும் மரம். உலகில் உயிரோடிருக்கும் மிகப் பெரிய தேக்குகளுள் ஒன்று. அடிமரத்தின் சுற்றளவு ஆறரை மீட்டருக்கும் மிகுதி. எங்கள் இளைஞர்கள் ஐவர் கைகோத்தே கட்டி அணைக்க முடிந்தது. இந்திய அரசு 1994–95இல் இதற்கு ‘மகாவிருட்ச’ விருது வழங்கியது. முன்பொரு நாள் இதை வெட்டக் கோடரி போட்டபோது மரத்திலிருந்து குருதி பீறிட்டதென்றும், அன்றுமுதல் கன்னித் தெய்வமாகக் கருதி எவரும் தொடுவதில்லையென்றும் பழங்குடியினர் சொல்கிறார்கள். இக்கதையைக் கேட்டு நகைப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். சுற்றிலும் இதனோடு வளர்ந்த மரங்கள் கப்பலாகவும் சிலிப்பராகவும் போய்விட்டன. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், அவர்களுடைய அச்சமே இந்த ஒரு மரத்துக்கு வேலியாய் நின்றது.

போன மரங்கள் எவ்வழியே போயின என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. எல்லைக்கு இப்புறத்து மரம் டாப்ஸ்லிப் சரிவில் உருண்டது. அப்புறத்து மரத்தைக் கொண்டுசெல்லக் கொச்சி சமஸ்தானம், பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை ஒன்றை அமைத்து, 1907 முதல் ஓட்டியது. செங்குத்தான சரிவுகளில், மரம் ஏற்றிய பெட்டி தன் எடையால் கீழே இறங்கும்போது, கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப் பெட்டி மேலே ஏறும். கிணற்று உருளையில் இரு வாளிகள் ஏறி இறங்குவது போன்ற ஏற்பாடு. 1963இல் இப்பாதை மூடப்பட்டது. அதன் வழியிலிருந்த குரியார்குட்டியில்தான் பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது தங்கியிருந்தார். ஒரே பாதையில் ஒரு சாரார் மரத்தைக் கொண்டுபோயினர். அவரோ அம்மரங்களில் வாழ்ந்த பறவைகளைக் குறிப்பேட்டில் கொண்டுபோனார்.

நண்பகலுக்குப் பின் அணைக்கரையை அடைந்தோம். எங்கள் முதியவர் எதிர்பார்த்த வேளை அது. கண்ணுக்கெட்டிய வரை நீலநீர். அதைச் சூழ்ந்து காடு. அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நெடுநேரம் நின்றார்.

அந்த நீரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். இம்மலையில் பெய்யும் மழையெல்லாம் இயல்பாக மேற்கு நோக்கி ஓடி, சாலக்குடி ஆற்றில் கலந்து, அதிரப்பள்ளியில் அருவியாக வீழ்ந்து, அரபிக் கடலைச் சேரவேண்டியது. மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் கொங்குச் சமவெளிக்கோ மழை குறைவு. எனவே இரு மாநிலங்களும் கலந்து பேசி, மேல் சோலையாறு, பரம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நீர்த்தேக்கங்களைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் இணைத்தன. மேற்கே ஓடவேண்டிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. துணக்கடவிலிருந்து சுரங்கவழியே இறங்கி, சர்க்கார்பதியில் மின்சாரம் தந்து, திருமூர்த்தி அணைக்கும் ஆழியாற்றுக்கும் பிரிந்து செல்கிறது. இதற்கான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, 1970 மே 29இல் கையெழுத்தானது. அதன்படி கேரளத்தின் சிற்றூர்ப் பகுதி வயல்களுக்கென ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவில் தமிழ்நாடு விடவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி.

அணை இருப்பது கேரள மண்ணில். அதைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறையாய் இருந்து இன்று நீர்வளத்துறை. இதனால் பயன்பெறும் நிலம் ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கர். நீர் போதாமையால் திருமூர்த்தி அணைப் பாசன நிலத்தை நான்கு மண்டலங்களாக வகுத்து, முறைவைத்தே விடுகிறார்கள். எங்கள் ஊர் மண்டலத்தின் முறை வருவதற்காக விதையை எடுத்துவைத்துக்கொண்டு வானத்தையும் நாட்காட்டியையும் மாறிமாறிப் பார்ப்பவர்கள் நாங்கள்.

2022 செப்டம்பர் 21 விடியற்காலையில், இந்த அணையின் மூன்று மதகுகளுள் நடுவிலிருந்தது சங்கிலி அறுந்து பெயர்ந்துபோயிற்று. விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி நீர் சீறிப் பாய்ந்து, மதகின் அடிமட்டத்துக்கு நீர் இறங்கும் வரை நாள்கணக்கில் மேற்கே ஓடியது. சுமார் 6 டி.எம்.சி. நீர் வெளியேறியது. அந்நாள்களில் கிழக்கே எங்கள் ஊரில், “அடுத்த முறைக்குத் தண்ணீர் உண்டா?” என்று கலங்கினோம். அதே வேளையில் மேற்கே சாலக்குடி ஆற்றங்கரை மக்கள், “வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வருமோ?” என்று அஞ்சி விழித்திருந்தனர். ஒரே நீர், ஒருவர்க்கு இழப்பு, மற்றவர்க்கு அச்சம். மதகை இயக்குவோரும் ஆற்றங்கரையில் வாழ்வோரும் வேறு வேறு மாநிலத்தவர் என்பதற்காக ஒருவர் துயரம் மற்றவர்க்கு அயல் ஆகிவிடுமா?

இதை வழிகாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் முதியவர் அவரை வினவினார்: “இத்தனை தண்ணி கெடக்குதே தம்பி, உங்களுக்கு இதுல வெள்ளாமை எவ்வளவு?”

“எங்களுக்கு ஏதுங்க ஐயா வயலு? தண்ணி எங்க காட்டுல பொறக்குது, உங்க ஊருக்குப் போகுது” என்றார் அவர். குறை கூறும் தொனி அதில் இல்லை.

அவர்களுடைய குறை வேறு. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் மாநில எல்லைகள் அடைக்கப்பட்டபோது, தமிழ்நாட்டு வழியன்றி வேறு சாலை இல்லாத இம்மக்கள் பெரிதும் அல்லற்பட்டனர். பரம்பிக்குளத்தைச் சேர்ந்த தேக்கடி என்னும் குடியிருப்பினர் (பெரியாற்றுத் தேக்கடி வேறு) தம் ஊராட்சிக்கே பல மடங்கு சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டு காந்தியடிகள் பிறந்தநாளன்று, அவர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு, செம்மணாம்பதி நோக்கித் தாங்களே காட்டுக்குள் வழி வெட்டத் தொடங்கினர். புலிக்காட்டில் புதுச் சாலை கூடாது என்பார் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணை எவ்வழியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பார் கேள்விக்கும் விடை வேண்டும். சமவெளியில் அமர்ந்து இருசாராருள் ஒருவரைக் குற்றம் சொல்வது எளிது. அவர்களுடைய காட்டு நீரை அருந்தும் நாம், அவர்கள் வழியைப் பற்றியும் கவலைப்படக் கடமைப்பட்டவர்கள்.

மாலை நான்கு மணியளவில் திரும்பிவரும்போது, தாயும் கன்றுமாக இரண்டு யானைகள் சாலையைக் கடந்தன. வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவை மூங்கிலுக்குள் மறைந்தபின் ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள்: “மாமா, இது கேரளா யானையா, தமிழ்நாட்டு யானையா?” வழிகாட்டி சிரித்தார். “வெயில் காலத்துல தண்ணி தேடி இங்க இருக்கும், மழை வந்தா அங்கிட்டுப் போகும். ரெண்டு ஊரு ஆபீசருங்களும் அவுங்கவுங்க கணக்குல எழுதிக்குவாங்க” என்றார். நகைச்சுவையாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. எல்லை என்பது, எந்தப் பகுதியை யார் காக்கவேண்டும் என்று வேலை பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. எனது, உனது என்று வழக்காட அதை எடுத்துக்கொண்டால், இருபுறத்தாரும் காவாத நிலமாகவே அது போய்விடும்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். கோடையில் காட்டுத்தீ அச்சத்தாலும், பெருமழைக் காலத்தில் மண்சரிவாலும் காடு மூடப்படுவதுண்டு. ஆகவே முன்கூட்டியே கேட்டறிந்து பதிவு செய்துகொள்ளுங்கள். காலையிலேயே ஆனப்பாடியை அடைந்துவிடுவது நல்லது. உணவைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். நெகிழியும் மதுவும் ஆகா. பளிச்சிடும் உடையைத் தவிர்த்து, காட்டின் நிறத்துக்கு ஒத்த உடை அணியுங்கள். வானொலியும் கைப்பேசிப் பாட்டும் வேண்டா. குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். வழிகாட்டி சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். அவர் அறிந்த ஒரு மரத்தின் பெயரையேனும் கற்று வாருங்கள். பழங்குடியினர் விற்கும் தேன் கிடைத்தால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

சென்ற வாரம் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். முதல் நீர் கடைமடைக்கு வந்த அன்று, அம்முதியவர் தம் பேரனைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்றிருந்தார். “இது எங்கிருந்து வருதுன்னு தெரியுமாடா?” என்று அவர் கேட்க, பையன் துணக்கடவு, சர்க்கார்பதி, திருமூர்த்தி என்று வழியை வரிசையாகச் சொன்னான். அதன்பின், “மலசர் மாமா ஊருல இருந்து” என்றும் சேர்த்துக்கொண்டான்.